கைமடியும் மதிப்பெண் பட்டியலும்

2024 மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வெளியானபோது, தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது திருப்பூர் மாவட்டம், 97.45 விழுக்காடு. 2019இலும் 2020இலும் முதலிடம் இதே மாவட்டத்துக்குத்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் திருப்பூரைப் பற்றி எழுதியவர்கள் இப்படியொரு செய்தியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளின் ஊர் என்றுதான் அன்று அது பெயர் வாங்கியிருந்தது. இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு வாதம் அடிக்கடி காதில் விழும். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர் நூறு மெஷின் போட்டு எக்ஸ்போர்ட் செய்கிறார், வகுப்பில் முதல் ரேங்க் எடுத்த பையன் அவரிடம் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுகிறான், அப்புறம் மார்க்கில் என்ன இருக்கிறது என்பார்கள். இந்த வாதத்துக்குப் பின்னால் உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள், உண்மையான உழைப்பும் இருக்கிறது. அதனால் அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பனியன் தொழிலின் நூறாண்டு வரலாற்றோடு அதைச் சேர்த்துப் படித்தால், மார்க் யாருக்குத் தேவைப்படவில்லை, எதனால் தேவைப்படவில்லை, யாருக்கு அது ஒன்றுதான் கைமுதலாக இருந்தது என்பதெல்லாம் துலங்குகிறது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கைக்கு மதிப்பெண் உதவுகிறதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது என்பதும், விடை வேறுபடுவதற்கான காரணங்கள் நிலத்திலும் உறவிலும் சந்தையிலும் இருக்கின்றன என்பதும் என் கருத்து. அதைக் காட்டத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்து காங்கயம் சாலையில் கிழக்கே போனால் வருகிற நல்லூர், பழைய சிவன் கோயில் உள்ள, முன்பு விவசாயத்தை நம்பியிருந்த ஊர். தனிப் பேரூராட்சியாகவும் பிறகு நகராட்சியாகவும் இருந்து, 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. மானாவாரிச் சோளமும் பருத்தியும் கிணற்றுப் பாசனமும் இருந்த தோட்டங்கள் கம்பெனிகளாகவும் லைன் வீடுகளாகவும் மாறிய கதை நல்லூருக்கும் உண்டு. சுற்றியுள்ள எல்லாச் சிற்றூர்களுக்கும் உண்டு. தொழில் தொடங்கியது நகருக்குள். 1925இல் குலாம் காதர் வைத்த பின்னல் கூடத்தைத்தான் திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்கிறார்கள். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. அது மில்லையும் ஓட்டியது, கிணற்று மோட்டாரையும் ஓட்டியது. முதல் தலைமுறைப் பனியன் முதலாளிகளில் வணிகக் குடும்பத்தினரும் ஊரில் செல்வாக்குள்ளவர்களும் அதிகம். 1960களில் தொடங்கி நிலைமை மாறியது. பெரிய கம்பெனிகள் வேலையைப் பிரித்து வெளியே கொடுக்க ஆரம்பித்தன. பின்னல், சலவை, சாயம், கட்டிங், தையல் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு பட்டறையாகப் பிரிந்தது. பட்டறை சிறிதாக இருந்ததால் அதை ஆரம்பிக்கத் தேவைப்பட்ட முதலும் சிறிது. கிராமத்திலிருந்து கம்பெனிக்கு வேலைக்கு வந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைகள், தொழிலாளியாக இருந்து முதலாளியாக மாறும் வாசல் அப்போதுதான் திறந்தது. 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வணிகர் டி-ஷர்ட் தேடி வந்தார். அதன்பின் ஏற்றுமதி ஏறத் தொடங்கியது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இன்று ஆண்டு ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

இந்த மாற்றத்தின் நடுவே வளர்ந்த ஒரு பிள்ளை பள்ளியை விட்டுக் கம்பெனிக்குள் நுழைந்தால் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை கைமடி. தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று, வெட்டிய துண்டுகளை ஓரம் சேர்த்து மடித்துக் கொடுப்பதும், தைத்து வருவதை வாங்கி அடுக்குவதும், நூல் பிசிறு வெட்டுவதும்தான் வேலை. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது அதில் உட்கார்ந்து பழகிக்கொள்வான். பிறகு ஓவர்லாக் மெஷின், அப்புறம் பேட்லாக், சிங்கர். அதற்குப் பிறகு கட்டிங் மேஜை. அங்கேதான் உண்மையான கணக்கு ஆரம்பமாகிறது. எந்த நம்பர் நூலை எந்தக் கேஜ் பின்னல் மெஷினில் போட்டால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் வரும், சாயத்துக்குப் போய் வந்தால் எடை எவ்வளவு குறையும், துவைத்தால் நீளத்தில் எவ்வளவு சுருங்கும், அந்தச் சுருக்கத்தை ஈடுகட்ட எவ்வளவு கூட்டி வெட்ட வேண்டும் என்பதையெல்லாம் காகிதமில்லாமல் சொல்பவர்தான் நல்ல கட்டிங் மாஸ்டர். ஒரு உருப்படிக்கு 5 கிராம் துணி கூடுதலாகப் போனால் 10,000 உருப்படிக்கு 50 கிலோ போய்விடும். ஆர்டரில் நிற்க வேண்டிய லாபம் அதிலேயே கரைந்துவிடக்கூடும். விகிதம், விழுக்காடு, பரப்பளவு என்று பாடப்புத்தகம் தனித்தனி அத்தியாயமாக வைத்திருப்பதை இவர்கள் ஒரே நேரத்தில் மனக்கணக்காகச் செய்தார்கள். இதில் விரைந்து முன்னேறியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் அவர் கட்டிங் மேஜையைப் பார்த்ததில்லை என்றுதான் பொருள். பள்ளி அடையாளம் காணாத கூர்மையைக் கம்பெனி அடையாளம் கண்டது. தவறுக்குத் தண்டனை உடனே வந்தது, சரிக்குப் பலனும் அதே வாரத்தில் சனிக்கிழமைச் சம்பளத்தில் வந்தது. ஐந்தாறு ஆண்டு ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன், பள்ளிக்கூடம் போடுகிற எந்தத் தேர்வையும்விடக் கடினமான தேர்வுகளில் தேறியிருந்தான். எனவே படிக்காமல் முன்னுக்கு வந்தார்கள் என்று சொல்வதே பிழை. வேறொரு இடத்தில் நீண்ட காலம் படித்தார்கள். அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் கேட்கும் ஆள் அன்று சந்தையில் இல்லை.

ஆனால் அந்தப் படிப்பை முடித்த எல்லோரும் முதலாளி ஆகவில்லை என்பதை மறந்துவிட முடியாது. 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் தங்கி ஆய்வு செய்த சரத் சாரி, 2004இல் அதை நூலாக வெளியிட்டார். தொழிலாளியாக இருந்து முதலாளியான கொங்கு வேளாளக் கவுண்டர்களைப் பற்றிய விரிவான ஆய்வு அது. வெற்றிக்குக் காரணம் கேட்டபோது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது உழைப்பு என்பதையே. அந்த உழைப்பை சாரி மறுக்கவில்லை. அதன் கூடவே வேறு சிலதும் இருந்ததைக் காட்டினார். கிராமத்தில் கொஞ்சம் தோட்டம் இருந்தது. அதை விற்கலாம், அடமானம் வைக்கலாம், கம்பெனி படுத்துவிட்டால் அதற்கே திரும்பிப் போகலாம். கூட்டாகச் சேர்ந்து இரண்டு மெஷின் வாங்கப் பங்காளியோ மாமன் மச்சானோ இருந்தார்கள். நூல் கடன் கொடுப்பவர் அந்த முகத்தை நம்பினார். பழைய முதலாளியே ஜாப் ஒர்க் கொடுத்துத் தூக்கிவிட்டார். தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கிப் பழகிய குடும்பத்துக்குப் பட்டறையில் ஆள் வைத்து வேலை வாங்குவது புதிதல்ல. இவற்றில் எதையும் பள்ளிச் சான்றிதழால் தரவும் முடியாது, அது இல்லாததால் இவை பறிபோகவும் போவதில்லை. மார்க் தேவைப்படாததற்கு இதுதான் காரணம். அதன் வேலையை வேறு பொருள்கள் செய்துவிட்டன. ஒருவரை நம்பிக் கடன் தரலாமா, பொறுப்பை ஒப்படைக்கலாமா என்று முன்பின் தெரியாதவர்கள் தீர்மானிக்க உதவுவதுதான் மதிப்பெண் பட்டியல். தெரிந்தவர்கள் நிறைந்த ஊரில், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் எதற்கு?

அதே காலத்தில் அதே மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற வேறு கைமடிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏற்றுமதி கூடக் கூடக் கம்பெனிக்குள் பெண்கள் திரளாக வந்தார்கள். செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதல், பேக்கிங் என்று அவர்களுக்கு ஒதுக்கிய வேலைகளிலிருந்து கட்டிங் மேஜைக்கு அவர்கள் நகர்ந்தது மிக அரிது. கூட்டுச் சேர்ந்து பட்டறை வைக்க ஒரு பெண்ணை அழைத்தவர் யார்? எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், எத்தனை ஆண்டு உழைத்தாலும், செக்கிங் மேஜையில் தொடங்கிய பெண் பெரும்பாலும் செக்கிங் மேஜையிலேயே வயதானாள். நிலமில்லாத அருந்ததியர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கம்பெனி வேலையே பல ஊர்களில் தாமதமாகத்தான் கிடைத்தது. திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் ஆகியோர், விசைத்தறி ஊர்களில் தலித் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பதையும், பனியன் வேலைக்குப் போக முடிந்த இடங்களில் அந்தக் கட்டு தளர்வதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தளர்வு பெரிய விஷயம்தான். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் தொழிலாளியாகவே இருந்தார்கள். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கான்ட்ராக்ட் முறை பெருகியது. நிரந்தர வேலையில் இருந்து தொழில் கற்று மேலே போகும் வழி இன்னும் குறுகியது. ஆக, மார்க் இல்லாமல் மேலே வந்த கதை ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சமூகங்களைச் சேர்ந்த ஆண்களுக்கு நடந்த கதை. அதை எல்லாப் பிள்ளைகளுக்குமான புத்திமதியாக மாற்றும்போதுதான் தீங்கு வருகிறது. பள்ளியை விட்டுக் கைமடிக்குப் போன நூறு சிறுவர்களில் முதலாளியான ஒன்றிரண்டு பேரின் பெயர் ஊருக்குத் தெரியும். மற்றவர்களில் எத்தனை பேர் கணக்கில் சுட்டியாக இருந்தார்கள், யார் மேலே படித்திருந்தால் என்னவாகியிருப்பார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மெஷின் ஓட்டிக் கண் மங்கிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர்களும் அதே பள்ளியின் பழைய மாணவர்கள்தான்.

தொழிலே பள்ளி என்ற எண்ணத்தைத் தமிழ்நாடு ஒருமுறை அரசுத் திட்டமாகவே பார்த்திருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திருத்திய தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேர வகுப்பு; மிச்ச நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பார்த்துப் பழக வேண்டும். குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் கடுமையாக எதிர்க்கப்பட்டது. 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. திட்டத்தை ஆதரித்தவர்கள் எல்லோரையும் கெட்ட எண்ணம் கொண்டவர்களாகக் கருத வேண்டியதில்லை. ஏட்டுப் படிப்பு கைத்திறனை மதிக்கவில்லை என்ற அவர்களுடைய குறை நியாயமானதுதான். ஆனால் தொழில் கற்பது லாபமாக இருப்பது, அந்தத் தொழில் உடைமைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தான். தோட்டம் உள்ளவர் மகன் அப்பாவோடு அரைநாள் இருந்தால் நாளைக்குத் தோட்டத்துக்குச் சொந்தக்காரன் ஆவான். அதே தோட்டத்தில் பண்ணை வேலை பார்ப்பவர் மகன் அரைநாள் இருந்தால் அடுத்த பண்ணையாள் ஆவான். எதிர்த்தவர்கள் இதைச் சரியாகவே கண்டார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய காமராசர்தான் பள்ளிகளைப் பெருக்கினார், 1956இல் மதிய உணவையும் கொண்டுவந்தார். படிக்காதவர் முதலமைச்சர் ஆகவில்லையா என்று மேடையில் கேட்பவர்கள், அப்படி ஆனவர் தன் வாழ்க்கையிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இந்த வட்டாரத்திலிருந்தே இருவரை அழைப்பார்கள். ஒருவர் 1887இல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜன். மற்றவர் 1893இல் சூலூருக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு. இருவரின் கதையையும் முழுதாகச் சொல்லாமல் பாதியில் நிறுத்தினால்தான் அவர்கள் அந்தச் சாட்சிக்குப் பயன்படுவார்கள். கும்பகோணத்தில் பள்ளிப் பரிசுகளையெல்லாம் வாங்கிய ராமானுஜன், 1904இல் உதவித்தொகையோடு அங்குள்ள அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வில் தேற முடியவில்லை. கணித மேதைக்கு மார்க் தேவைப்படவில்லை என்று இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த சில ஆண்டுகள் அவர் வேலையில்லாமல், சாப்பாட்டுக்கே வழியில்லாமல், நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதை யார் கணக்கில் வைப்பது? அவர் மீண்டும் நிலைக்கு வந்தது, கணிதம் தெரிந்த சிலர் கையில் அந்த நோட்டு போய்ச் சேர்ந்ததால். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. ராமசாமி ஐயர் பரிந்துரைத்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதிய பிறகே, பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 32 வயதில் இறந்த ஒருவருக்கு இழந்த ஆண்டுகள் எவ்வளவு பெரியவை! தேர்வு அவருடைய மேதைமையை அளக்கத் தவறியது உண்மை. தவறியதற்கு அவர் கொடுத்த விலையும் உண்மை. அவருக்கு வாய்த்த அந்தச் சிலரும், அவர்களை அணுகக்கூடிய சமூக இடமும், கொங்குக் கிராமத்தில் கைமடிக்குப் போன பிள்ளைக்கு எங்கே வாய்க்கும்?

நாயுடுவின் கதை திருப்பூருக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளியில் ஒட்டாமல் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்ட அவர், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டித் தன் பாடத்தைத் தானே அமைத்துக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்ற பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் உருவாக்கிய மின்மோட்டார் இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று போற்றப்படுகிறது. விவசாயக் குடும்பப் பின்புலமும், கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் போன்றவர்களின் ஆதரவும் அவருக்கு இருந்தன என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளலாம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. கையில் பணம் வந்ததும் அந்த மனிதர் செய்த முக்கியமான காரியங்களில் ஒன்று, கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் காரணமாக இருந்தது. நான்காண்டுப் படிப்பு வீண், குறைந்த காலத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று நிர்வாகத்தோடு மாறுபட்டு விலகினார். பள்ளி மோசமாக இருக்கிறது, எனவே பள்ளியைத் திருத்த வேண்டும் என்பதுதான் அவர் வந்து சேர்ந்த முடிவு. பள்ளி மோசமாக இருக்கிறது, எனவே பள்ளியே வேண்டாம் என்ற முடிவை அவர் பெயரில் எழுதிவைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

உலகத்தின் மறு கோடியில் இதே கேள்வியை அளந்து பார்க்க முயன்றவர் உளவியலாளர் லூயிஸ் டெர்மன். 1921இல் கலிபோர்னியாவில், அறிவுத் தேர்வில் மிக உயர்ந்த எண் வாங்கிய 1,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்து, அவர்களை வாழ்நாள் முழுதும் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அந்தத் தேர்வில் தேறாமல் வெளியே நின்ற இரண்டு சிறுவர்கள், ஷாக்லியும் அல்வாரெஸும், பின்னாளில் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள் என்பது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. தேர்ந்தெடுத்த ஆண்களில் வாழ்க்கையில் மிகவும் சிறந்தவர்களையும் மிகவும் பின்தங்கியவர்களையும் டெர்மன் குழுவினர் பிற்காலத்தில் ஒப்பிட்டபோது, சிறுவயதில் இரு கூட்டத்தின் அறிவு எண்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. தந்தையின் படிப்பிலும் குடும்பத்தின் நிலையிலும் விடாமுயற்சியிலும்தான் வேறுபாடு தெரிந்தது. சாரி திருப்பூரில் கண்டதற்கும் இதற்கும் அடித்தளம் ஒன்றே. ஒரே அறிவு, வேறு வேறு வீடு, வேறு வேறு முடிவு.

அப்படியானால் மதிப்பெண்ணும் வீட்டின் நிழல்தானே, டியூஷனுக்குப் பணம் உள்ளவன் வாங்குவதுதானே என்று கேட்கலாம். இந்த மறுப்பு வலுவானது. தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு நிறையச் சான்று தருகிறது. நாமக்கல், ஈரோடு வட்டாரங்களில் வளர்ந்த விடுதிப் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்துக் குவித்த மதிப்பெண்கள், அறிவைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான். அங்கே அனுப்பப்பட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கும் ஆசையே வற்றிப்போனது பெரிய இழப்பு. ஏற்கெனவே புரிந்ததை இருபதாவது முறை எழுதுவது கூர்மையான மனதுக்கு ஒரு தண்டனை. அரசும் இதை உணர்ந்தது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வைத்து மொத்த மதிப்பெண் முறையையும் மாற்றியது. இவையெல்லாம் தேவையானவையே. இருந்தாலும், மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று பார்க்க வேண்டும். முன்பு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கே 75 மதிப்பெண் இருந்தது. அதில் மதிப்பெண் போட்ட விதத்தை எதிர்த்துப் பெரியகருப்பன் என்ற மாணவர் தொடுத்த வழக்கில், 1970இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையைக் கண்டித்தது. அறைக்குள் மூன்று பேர் உட்கார்ந்து பையனின் பேச்சையும் உடையையும் தகப்பனார் பெயரையும் எடைபோடும் முறையில் யார் தேறுவார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். அதோடு ஒப்பிட்டால், எழுதியவர் பெயர் தெரியாமல் திருத்தும் விடைத்தாள், குறைகள் இருந்தும் ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. இட ஒதுக்கீட்டோடு சேரும்போது அந்தப் பாதுகாப்பு இன்னும் வலுவாகிறது. நுழைவுத் தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டமும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், அளவுகோலை எறிந்துவிடாமல், யார் எங்கிருந்து ஓடத் தொடங்கினார் என்பதையும் அதில் சேர்த்துக்கொண்ட முயற்சிகள்.

இன்னொரு மறுப்பும் உண்டு. படித்து மார்க் வாங்கியவர்களும் கடைசியில் பத்தாயிரம் பதினைந்தாயிரம் சம்பளத்துக்குத்தானே நிற்கிறார்கள், அதைவிட டெய்லர் அதிகம் சம்பாதிக்கிறாரே என்பார்கள். பல வீடுகளில் இது கண்கூடு. ஆனால் இருபது வயதில் வாங்கும் கூலியோடு நாற்பத்தைந்து வயதில் நிற்கும் இடத்தையும் ஒப்பிட வேண்டும். பீஸ் ரேட்டில் டெய்லரின் வருமானம் உடம்பின் வேகத்தைப் பொறுத்தது. அது உச்சத்தைத் தொடுவது இளமையில். ஆர்டர் குறைந்தால் முதலில் குறைவது அவருடைய ஷிப்ட். மேலும் தொழிலே மாறிவிட்டது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத சுத்திகரிப்பு இல்லாமல் சாயத் தொழில் இல்லை என்றாயிற்று. உப்பின் அளவும் வடிகட்டும் சவ்வின் அழுத்தமும் தெரிந்த ஆள் அதற்கு வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் தணிக்கை, கப்பல் ஆவணங்கள், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் என்று ஒவ்வொன்றும் ஏட்டுப் படிப்பைக் கேட்கிறது. ஏற்றுமதியாளர்களே 1997இல் முதலிபாளையத்தில் பின்னலாடைக் கல்லூரி தொடங்கியது இதை முன்கூட்டி அறிந்துதான். பள்ளியைத் தாண்டாத முதலாளிகள் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தார்கள் என்று பார்த்தால் போதும். படிப்பைப் பற்றி அவர்கள் உள்ளபடி நினைத்தது அதில் தெரிந்துவிடும். இரண்டு மெஷினோடு பட்டறை தொடங்கி எக்ஸ்போர்ட் வரை போன பாதை இன்று ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. கைமடியாக இன்று நுழைகிற ஒருவருக்கு 1975இல் நுழைந்தவருக்கு இருந்த எதிர்காலம் இல்லை. எனவே மார்க் தேவையில்லை என்பது அன்று ஒரு சிலருக்குப் பொருந்தியது என்றால், இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கே பொருந்தாது.

மாவட்டத்தின் 97.45 விழுக்காட்டை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். தேர்ச்சி என்பது 100க்கு 35 எடுப்பது. கல்லூரி வாசலைத் திறப்பது அதற்கு மேலே உள்ள மதிப்பெண். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள்தான் நம் கவலைக்குரியவர்கள். தேறிய கையோடு ஸ்பின்னிங் மில்லுக்கும் கம்பெனிக்கும் போகிற பெண்பிள்ளைகள் அவர்களில் நிறைய. திருமணச் செலவுக்கு மொத்தப் பணம் தருவதாகச் சொல்லி மூன்றாண்டு விடுதியில் வைத்து மில்லில் வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம், அவர்களைப் போன்றவர்களின் குடும்பங்களைக் குறிவைத்தே பரவியது. நல்லூரிலும் அதைச் சுற்றியுள்ள வார்டுகளிலும் இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் இருக்கின்றன. திருப்பூர் அரசுப் பள்ளிகளில் அவர்களுடைய பிள்ளைகள் தமிழில் எழுதப் படிக்கக் கற்கிறார்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, புத்தகத்தில் ஒரு மொழி என்று வைத்துக்கொண்டும் கணக்கில் முந்துகிற பிள்ளைகள் அவர்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இங்கே தோட்டம் இல்லை, பங்காளி இல்லை, நூல் கடன் கொடுக்க முகம் தெரிந்த ஆள் இல்லை. ஆர்டர் குறைந்து குடும்பம் ரயிலேறினால் நடுவருடத்தில் படிப்பு அறுந்துபோகும். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் வரையாவது இங்கே தங்கிப் படிக்க ஒரு விடுதியும், ஊர் மாறினாலும் செல்லுபடியாகும் ஒரு பள்ளிப் பதிவும் கிடைக்க, அவர்கள் உழைப்பில் வளர்ந்த இந்தத் தொழில் பணம் ஒதுக்க வேண்டும்.